இரண்டு நாள் கால்ஷீட் பிள்ளை: மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு ஒரு திறந்த மடல்

செங்கல்பட்டு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்களுக்கும், அவரது அலுவலகத்தில் குழந்தைகள் தொடர்பான கோப்புகளைப் பார்க்கும் அலுவலர்களுக்கும்,



திங்கட்கிழமை மக்கள் குறைதீர் நாளில் உங்கள் முன் வந்து குவியும் மனுக்கள் எப்படிப்பட்டவை என்று எங்களுக்கும் தெரியும். பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை, ஏரி ஆக்கிரமிப்பு, சுடுகாட்டுக்குப் பாதை. அந்த வரிசையில் சினிமாவில் நடிக்கும் பிள்ளைகளுக்காக ஒருவர் மனுவோடு நின்றால் பின்னால் நிற்பவர்கள் முறைப்பார்கள். முறைப்பதில் தப்பும் இல்லை. அதனால்தான் இதை வரிசையில் நின்று கொடுக்காமல் எங்கள் சிறு இதழின் தலையங்கமாக எழுதுகிறோம். ஆனாலும் இது உங்கள் அலுவலகத்தின் வேலைதான். 14 வயது நிறையாத ஒரு பிள்ளையைப் படத்தில் நடிக்க வைக்க வேண்டுமென்றால், படப்பிடிப்பு எந்த மாவட்டத்தில் நடக்கிறதோ அந்த மாவட்ட நடுவரிடம், அதாவது உங்களிடம், தயாரிப்பாளர் அனுமதி வாங்கியாக வேண்டும். 2016-இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டமும் அதையொட்டி 2017-இல் வந்த விதிகளும் அப்படித்தான் சொல்கின்றன.

வேறு மாவட்டமாக இருந்தால் இந்தப் பேச்சு ஏட்டோடு நின்றுவிடும். நம் மாவட்டம் அப்படியல்ல. முட்டுக்காடு, கோவளம், மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் என்று கிழக்குக் கடற்கரைச் சாலையின் இந்த நீளம் முழுதும் கேமராவுக்குப் பிடித்த கரை. பையனூரில் திரைப்படத் தொழிலாளர்களுக்கென்றே அரசு நிலம் ஒதுக்கியிருக்கிறது. பெரிய படம் ஒரு பாட்டுக்கு வந்து போகும். சின்ன பட்ஜெட் படமோ ஒரு வாடகை வீட்டைப் பிடித்து, கடலையும் சவுக்குத் தோப்பையும் வைத்தே முழுக்கதையையும் முடித்துவிடும். மனத்தைத் தோண்டும் கதைகளுக்கு ஆளில்லாத கடற்கரை வசதி. அந்தக் கதைகளில் பெரும்பாலும் ஒரு பிள்ளையும் இருக்கும். இங்கே எங்கள் குடியிருப்பான அணுபுரத்திலும் அந்தப் பிள்ளைக்கான தேடல் வாட்ஸ்அப் வழியாக வந்து சேர்கிறது: ஏழெட்டு வயதுப் பையன், இரண்டு நாள் ஷூட்டிங், மாமல்லபுரம் பக்கம், நடித்த அனுபவம் தேவையில்லை.

அந்த இரண்டு நாளைப் பற்றித்தான் இந்த மடல்.

சட்டம் சும்மா இருந்துவிடவில்லை. நாளொன்றுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் பிள்ளை வேலை செய்யக் கூடாது. ஓய்வில்லாமல் தொடர்ந்து மூன்று மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. தொடர்ச்சியாக 27 நாளுக்கு மேல் கூடாது. பள்ளிப் படிப்பு விட்டுப்போகக் கூடாது. ஐந்து பிள்ளைகளுக்கு ஒருவர் என்ற கணக்கில் பொறுப்பாள் இருக்க வேண்டும். வருமானத்தில் குறைந்தது 20 விழுக்காட்டைப் பிள்ளையின் பெயரில் வங்கியில் வைப்பு வைக்க வேண்டும். விருப்பத்துக்கு மாறாக நடிக்க வைக்கக் கூடாது. இத்தனையும் நல்ல விதிகள், போராடிப் பெற்றவை. ஆனால் இவை பெரும்பாலும் மணிக்கணக்கையும் நாள்கணக்கையும் பணக்கணக்கையும் பார்க்கின்றன. ஒரு காட்சி ஒரு பிள்ளைக்குள் என்ன இறக்கிவிட்டுப் போகிறது என்ற கணக்குக்கு அங்கே இடம் குறைவு.

அணுபுரத்துக்காரர்களுக்கு இந்த வித்தியாசத்தை விளக்க வேண்டியதில்லை. கல்பாக்கம் அணுசக்தி நிலையங்களில் கதிர்வீச்சுப் பகுதிக்குள் வேலைக்குப் போகிறவர், கதிர்வீச்சை அளக்கும் டி.எல்.டி. பேட்ஜைச் சட்டையில் குத்திக்கொண்டுதான் போகிறார். உள்ளே எத்தனை மணி நேரம் இருந்தார் என்பதைக் காவலாளியின் பதிவேடே சொல்லிவிடும். உடம்பு எவ்வளவு வாங்கியது என்பதைப் பேட்ஜ்தான் சொல்லும். ஓர் ஆண்டில் 30 மில்லிசீவர்ட், ஐந்து ஆண்டுக்குச் சேர்த்து 100 என்று வரம்பும் உண்டு. பத்து நிமிட வேலையில் ஆண்டுக் கணக்கின் பெரும்பங்கை ஒருவர் வாங்கிவிடலாம். எட்டு மணி நேரம் இருந்தும் ஒன்றுமே வாங்காமல் வெளியே வரலாம். படப்பிடிப்பிலும் அப்படித்தான். ஐந்து மணி நேரம் கடற்கரையில் பட்டம் விடும் பிள்ளைக்கு அது பிக்னிக். இருபது நிமிடம், குடித்துவிட்டு வந்த அப்பா கத்துவதைக் கதவோரம் நின்று பார்க்கும் பிள்ளைக்கு அது வேறு.

நாங்கள் குறிப்பாகத் துணைப் பாத்திரத்தில் வரும் பிள்ளைகளைச் சொல்கிறோம். பிள்ளையே கதாநாயகனாக இருக்கும் படத்தில் எல்லோருடைய கண்ணும் அவன்மேல்தான் இருக்கும். மணிகண்டனின் ‘காக்கா முட்டை’யில் ரமேஷும் விக்னேஷும் முகம் வாடினால் அன்றைக்குப் படப்பிடிப்பே கிடையாது. அவர்களோடு நாள்கணக்கில் பழகாமல் ஓர் இயக்குநர் அப்படி ஒரு படத்தை எடுத்துவிட முடியாது. 2014-ஆம் ஆண்டுக்கான தேசிய விருதுகளில் சிறந்த குழந்தை நட்சத்திரங்களாக இருவரும் நின்றபோது ஊரே அவர்களைத் தெரிந்துகொண்டது. துணைப் பாத்திரப் பிள்ளைக்கு இந்தக் காவல் இல்லை. பழகுவதற்கு நேரம் ஒதுக்க மாட்டார்கள். வருவான், காட்சி எது என்று பாதி சொல்லப்படும், நடிப்பான், போவான். ஆனால் மனத்தைத் தோண்டும் படங்களில் மிகக் கனமான காட்சி இவன் தலையில்தான் விழுகிறது. பெரியவர்களின் குற்ற உணர்வும் பயமும் கதையாக ஓட வேண்டுமென்றால் எங்கோ ஒரு பிள்ளைக்கு ஏதோ நடந்திருக்க வேண்டும் அல்லவா?

அதே ஆண்டு, அதே தேசிய விருதுகளில், சிறந்த தமிழ்ப் படமாகத் தேர்வானது பிரம்மாவின் ‘குற்றம் கடிதல்’. 2015 செப்டம்பரில் திரையரங்குக்கு வந்தது. பெரிய நட்சத்திரம் யாரும் இல்லாத படம். புதிதாகத் திருமணமான ஆசிரியை மெர்லின், வகுப்பில் ஒரு பையனைக் கோபத்தில் அறைந்துவிடுகிறாள். அவன் மயங்கி விழுகிறான். பையனின் பெயர் செழியன். நடித்தவர் மாஸ்டர் அஜய். அதன் பிறகு படம் மெர்லினுடையது: அவளை ஊரைவிட்டு அனுப்பி வைக்கும் பள்ளி நிர்வாகம், கூடவே அலையும் கணவன், தொலைக்காட்சி வண்டிகள், கோபத்தோடு தேடும் பையனின் மாமன். மெர்லினாக நடித்த ராதிகா பிரசித்தாவின் முகத்தில் அந்தக் குற்ற உணர்வு ஏறி இறங்குவதைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். மாமனாக வரும் பாவெல் நவகீதனையும்தான்.

செழியன் பெரும்பாலும் மருத்துவமனைக் கட்டிலில் கிடக்கிறான். பேச்சு இல்லை, அசைவு இல்லை. படம் முழுக்க அவன் இல்லாத இடத்தில்தான் நடக்கிறது, ஆனால் அவன் இல்லாமல் ஒரு காட்சியும் நகராது. துணைப் பாத்திரம் என்பதற்கு இதைவிடத் துல்லியமான உதாரணம் தமிழில் குறைவு. எங்களைக் கேட்டால் அந்த ஆண்டின் சிறந்த படமும் அதுதான். பரபரப்புக்குக் கிடைத்த சந்தர்ப்பத்தை எல்லாம் தள்ளிவிட்டு, அறைந்தவளையும் அறை வாங்கியவனையும் ஒரே நிதானத்தோடு பார்த்த படம். இந்தப் பாராட்டைச் சொல்லிவிட்டுத்தான் கேட்கிறோம். அப்படி ஒரு திரைக்கதை நாளை உங்கள் மாவட்டத்தில் படமாக வருகிறது, அனுமதி கேட்டு விண்ணப்பம் உங்கள் மேசைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பிள்ளைக்கு மூன்று நாள் வேலை, நாளுக்கு நான்கு மணி நேரம், பெற்றோர் கையெழுத்து இருக்கிறது, வங்கிக் கணக்கு எண் இருக்கிறது. அனுமதி கொடுத்துவிடலாம். ஆனால் வகுப்பு முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஓர் அறை வாங்குவதையும், மூக்கில் குழாய் செருகிப் பிணம்போலக் கிடப்பதையும் அந்தப் பிள்ளைக்கு யார், எப்படி விளங்க வைத்தார்கள்? ரிகர்சலில் அறை நிஜமாகவே பட்டுவிட்டால் நிறுத்தச் சொல்ல அவனுக்குத் தைரியம் வருமா? இதைக் கேட்க ஆளில்லை.

ஒரு முரண்பாட்டையும் சொல்லியாக வேண்டும். கல்வி உரிமைச் சட்டம், 2009, தன் 17-ஆம் பிரிவில் பள்ளிப் பிள்ளைக்கு உடல் தண்டனையை மட்டும் தடுக்கவில்லை. மன ரீதியான துன்புறுத்தலையும் சேர்த்தே தடுக்கிறது. ‘உன் நாய்க்குட்டியைச் சுட்டுவிடுவேன்’ என்று ஓர் ஆசிரியர் வகுப்பில் மிரட்டினால் மறுநாள் அவர் முதன்மைக் கல்வி அலுவலர் முன் நிற்க வேண்டியதுதான். 1931-இல் ஹாலிவுட்டில் ‘ஸ்கிப்பி’ என்ற படத்துக்காக, ஜாக்கி கூப்பர் என்ற பையனை அழ வைக்க இயக்குநர் நார்மன் டாரோக் கையாண்டது இந்த மிரட்டலைத்தான். அந்த இயக்குநர் பையனின் மாமாவும்கூட. படத்துக்காக மாமாவுக்கு ஆஸ்கர் கிடைத்தது. ஒன்பது வயதுப் பையன் சிறந்த நடிகருக்கான பரிந்துரையோடு வீடு திரும்பினான். ஐம்பது ஆண்டு கழித்துத் தன் வாழ்க்கைக் கதையை எழுதியபோது கூப்பர் அதற்கு வைத்த தலைப்பே ‘தயவுசெய்து என் நாயைச் சுடாதீர்கள்’ என்பதுதான். விருதுகளை மறந்தாரோ என்னவோ, நாயை மறக்கவில்லை.

அது அமெரிக்கா, அந்தக் காலம் என்று தள்ளிவிடலாம். ஆனால் ‘அழ வைத்துவிட்டேன் சார், ஒரே டேக்’ என்று பெருமையாகச் சொல்லும் குரல் நம் ஊர் மேடைகளுக்கும் புதிதல்ல. கேட்கும் நாமும் கைதட்டுகிறோம். கண்ணீருக்குக் கிளிசரின் கிடைக்கும். கடையில் விலையும் குறைவு.

வேறு வழியில் எடுத்தவர்களும் உண்டு. 1980-இல் வந்த ஸ்டான்லி குப்ரிக்கின் ‘தி ஷைனிங்’ பார்ப்பவரைப் பல நாள் தூங்கவிடாத படம். அதில் பையனாக வரும் டேனி லாய்டுக்குத் தான் ஒரு திகில் படத்தில் நடிக்கிறோம் என்பதே படப்பிடிப்பின்போது தெரியாது. ஒரு குடும்பக் கதை என்று நினைத்துக்கொண்டு நடித்துவிட்டுப் போனான். அம்மா அவனைத் தூக்கிக்கொண்டு அப்பாவைப் பார்த்துக் கத்தும் காட்சியில் அவள் கையில் இருப்பது பையனே அல்ல, ஆளுயரப் பொம்மை. பின்னாளில் டேனி லாய்டு கல்லூரியில் உயிரியல் பேராசிரியர் ஆனார். குப்ரிக் மென்மையான ஆள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அதே படத்தில் அம்மாவாக நடித்த ஷெல்லி டுவாலைப் படாதபாடு படுத்தியவர். அவரே பிள்ளை விஷயத்தில் இவ்வளவு கவனமாக இருந்திருக்கிறார் என்றால், இது இயக்குநரின் நல்ல மனசைப் பொறுத்தது அல்ல; எப்படி எடுப்பது என்று முன்கூட்டியே யோசிப்பதைப் பொறுத்தது. கத்துகிறவரைத் தனியாக எடுக்கலாம். பிள்ளையின் ரியாக்‌ஷனைத் தனியாக, அவனுக்குப் பிடித்த ஆள் எதிரில் நின்று சிரிப்புக் காட்டும்போதுகூட எடுக்கலாம். இரண்டையும் ஒட்ட வைப்பதுதான் எடிட்டிங். சினிமா கண்டுபிடித்த மிகப் பெரிய வசதியே அதுதான், அதைப் பிள்ளைகளுக்காகப் பயன்படுத்தாவிட்டால் எப்படி?

பணக் கணக்கைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். சாப்ளினின் ‘தி கிட்’ படத்தில் 1921-இல் நடித்த ஜாக்கி கூகன் பெரியவனானபோது, தன் சம்பாத்தியத்தைப் பெற்றோரே செலவழித்துவிட்டதைக் கண்டு வழக்குப் போட்டார். அதையொட்டி 1939-இல் கலிபோர்னியாவில் வந்த சட்டத்தின் தூரத்துச் சொந்தம்தான் நம் 20 விழுக்காட்டு விதி. பெரிய படங்களுக்கு அது பொருந்தும். சுயாதீனப் படங்களில் பெரும்பாலும் நண்பரின் மகன், பக்கத்து வீட்டுப் பெண். சம்பளம் கிடையாது, டைட்டில் கார்டில் பெயர் வரும். பூஜ்யத்தில் 20 விழுக்காடு எவ்வளவு என்று எங்கள் ஊர்ப் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.

இப்போது எங்கள் கோரிக்கை. புதுச் சட்டம் கேட்கவில்லை. தயாரிப்பாளர் தரும் உறுதிமொழியில் பிள்ளையின் உடல்நலத்துக்கும் மனநலத்துக்கும் வசதி செய்வது பற்றிச் சொல்ல வேண்டும் என்று 2017 விதியிலேயே இருக்கிறது. மனநலம் என்ற ஒரு சொல்லை எழுதிவிட்டுக் கையெழுத்துப் போட்டால் போதும் என்று ஆகிவிடாமல், அதன்கீழ் ஒரு பக்கத் தாள் ஒன்றை உங்கள் அலுவலகம் கேட்டு வாங்க வேண்டும். முழுத் திரைக்கதையைக் கேட்க வேண்டாம். பிள்ளை வரும் காட்சிகளில் பயம், அழுகை, அடி, சாவு, பெரியவர்களின் சண்டை என்று எது இருந்தாலும், அந்தக் காட்சிக்கு நேராகச் சில விவரங்கள் போதும்: இதைப் பிள்ளையிடம் என்னவென்று சொல்லப் போகிறீர்கள், அவன் வீட்டில் பேசும் மொழியில் சொல்வது யார், எந்தப் பகுதியைப் பிள்ளை இல்லாமலே எடுக்க முடியும், நிறுத்து என்று சொல்ல அவனுக்கு என்ன சைகை. மொழியைச் சும்மா சேர்க்கவில்லை. எங்கள் குடியிருப்பில் வீட்டுக்குள் மலையாளமும் தெலுங்கும் இந்தியும் பேசித் தெருவில் தமிழ் பேசும் பிள்ளைகள் ஏராளம். பயந்துபோன பிள்ளை தெரு மொழியில் பேசாது.

பொறுப்பாள் பற்றியும் ஒரு நிபந்தனை சேருங்கள். சின்னப் படக் குழுவில் பிள்ளைக்குப் பொறுப்பு என்று காகிதத்தில் எழுதப்படுபவர் பெரும்பாலும் ஓர் உதவி இயக்குநர். அவரேதான் கிளாப் அடிப்பார், அவரேதான் தொடர்ச்சி பார்ப்பார், ஜெனரேட்டருக்கு டீசல் தீர்ந்தால் ஓடுபவரும் அவரே. பிள்ளை ஸ்பாட்டில் இருக்கும் நேரத்தில் அவருக்கு வேறு வேலை இருக்கக் கூடாது. காட்சியை நிறுத்தும் அதிகாரம் இயக்குநருக்கு இணையாக அவருக்கும் வேண்டும். பெற்றோரே கூட இருக்கிறார்களே என்பார்கள். கேமரா எதிரில் மகனைப் பார்க்கும் பெற்றோருக்கு ‘போதும், நிறுத்துங்கள்’ என்று சொல்வது எவ்வளவு கஷ்டம் என்பது பள்ளி ஆண்டு விழாவில் மொபைலைத் தூக்கிப் பிடித்து நின்ற எல்லோருக்கும் தெரியும்.

அந்த உறுதிமொழி ஆறு மாதத்துக்குச் செல்லும் என்றும் விதியில் இருக்கிறது. படப்பிடிப்பு முடிந்த பிறகும் கொஞ்ச காலம் உங்கள் அலுவலகத்துக்கு அந்தப் பிள்ளையை விசாரிக்க உரிமை இருக்கிறது என்றுதான் அதை நாங்கள் படிக்கிறோம். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு. தேவைப்பட்டால் மாவட்ட மனநலத் திட்டத்தின் ஆலோசகரோடு உட்கார்ந்து ஒரு பேச்சு. இரவில் எழுந்து அழுகிறானா, பள்ளிக்குப் போக மறுக்கிறானா என்று கேட்க ஐந்து நிமிடம் போதும்.

இதற்கு எதிராகச் சொல்லக்கூடியது எங்களுக்குத் தெரியாமல் இல்லை. சுயாதீனப் படக்காரர்கள் எங்கள் நண்பர்களும்கூட. அரசு அலுவலகத்திடம் காட்சியைச் சொன்னால் அது தணிக்கை அலுவலகமாக மாறிவிடும் என்பது அவர்கள் பயம். நியாயமான பயம். ‘குற்றம் கடிதல்’ கதையைச் சில அலுவலர்களிடம் கொடுத்திருந்தால் ஆசிரியர் சமூகத்துக்கு இழுக்கு என்று கோப்பில் எழுதியிருப்பார்கள். அதனால் உங்கள் உத்தரவிலேயே தெளிவாக எழுதிவிடுங்கள்: இந்த அலுவலகம் கதையைப் பற்றிக் கருத்துச் சொல்லாது, இந்தக் காட்சி வேண்டாம் என்று சொல்லாது, இப்படி எடுத்தால் பிள்ளைக்கு நல்லது என்று மட்டும் சொல்லும். திரையில் எதை யார் பார்க்கலாம் என்று சொல்லத் தணிக்கை வாரியம் இருக்கிறது. 2023 திருத்தத்துக்குப் பிறகு ஏழு, பதின்மூன்று, பதினாறு என்று வயது வாரியாகப் பிரித்தும் சொல்கிறது. பதினாறு வயதுக்குக் கீழே பெற்றோர் துணையில்லாமல் பார்க்க வேண்டாம் என்று முத்திரை வாங்கும் படத்தில் ஏழு வயதுப் பிள்ளை நடித்திருக்கலாம். பார்க்கும் பிள்ளைக்கு இருக்கும் அக்கறையில் பாதியாவது நடிக்கும் பிள்ளைக்கு இருக்கட்டும்.

அடுத்த பயம் காலதாமதம். இது பயம் அல்ல, அனுபவம். ஒரு சின்னப் படத்தின் மொத்தப் படப்பிடிப்பே இருபது, இருபத்தைந்து நாளில் முடிந்துவிடும். அனுமதிக்கு இரண்டு மாதம் ஆகும் என்றால் அவர்கள் அனுமதி கேட்கவே மாட்டார்கள். யாரோ ஒருவரின் பீச் ஹவுஸில் கதவைச் சாத்திக்கொண்டு எடுத்துவிட்டுப் போவார்கள். அங்கே ஐந்து மணி நேரக் கணக்கும் கிடையாது, பொறுப்பாளும் கிடையாது. மாமல்லபுரத்துச் சின்னங்களின் முன் கேமரா வைக்க இந்தியத் தொல்லியல் துறையின் உரிமம் வேண்டும் என்பது இங்கே படமெடுக்க வரும் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. பிள்ளைக்கு உங்கள் அனுமதி வேண்டும் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? ஆகவே விண்ணப்பம் தமிழில் இருக்கட்டும். எந்த அறையில், எந்த அலுவலரிடம் கொடுப்பது என்பது உங்கள் வாசல் பலகையிலேயே இருக்கட்டும். ஏழு வேலை நாளுக்குள் பதில் என்று ஒரு வரம்பு வையுங்கள். கல்லூரி மாணவர்களின் குறும்படத்துக்கும், சம்பளமே இல்லாத படத்துக்கும் அதே தாள், அதே ஏழு நாள்.

மாஹேயில் பிறந்த மனோஜ் நைட் ஷியாமளன் 1999-இல் எடுத்த ‘தி சிக்ஸ்த் சென்ஸ்’ படத்தில் செத்தவர்களைப் பார்க்கும் பையனாக வந்த ஹேலி ஜோயல் ஆஸ்மென்ட், பதினோரு வயதில், பெரியவர்களோடு போட்டியிட்டுச் சிறந்த துணை நடிகருக்கான ஆஸ்கர் பரிந்துரை பெற்றான். நம் கரையோரம் எடுக்கப்படும் ஏதோ ஒரு சின்னப் படத்திலும் அப்படி ஒரு பிள்ளை வரலாம். வர வேண்டும் என்றுதான் நாங்களும் ஆசைப்படுகிறோம். பிள்ளைகளைச் சினிமாவிலிருந்து விலக்கி வைக்கச் சொல்லி இதை எழுதவில்லை. அப்படிப் புரிந்துகொள்ளப்பட்டால் இந்த மடலை எழுதாமலே இருந்திருக்கலாம்.

அந்த ஒரு பக்கத் தாளின் வரைவை உங்கள் அலுவலகம் தயாரித்தால், எங்கள் செலவில் அச்சிட்டு அணுபுரம், கல்பாக்கம், புதுப்பட்டினம், சதுரங்கப்பட்டினம் வீடுகளுக்கும், இங்கே படமெடுக்க வருபவர்கள் தங்கும் விடுதிகளுக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கிறோம். வரைவு தயாரிக்கப் படத்தொகுப்பாளர் ஒருவரையும், பிள்ளைகளோடு வேலை செய்யும் நாடகக்காரர் ஒருவரையும், மனநல ஆலோசகர் ஒருவரையும் அழைத்து ஒரு மணி நேரம் உட்கார வைத்தால் போதும். பள்ளிகள் கோடை விடுமுறைக்கு மூடுவதற்கு முன் அது கைக்கு வந்தால் நல்லது. இரண்டு நாள் கால்ஷீட்டுகள் அதிகமாக வருவது அப்போதுதான்.

இப்படிக்கு,
ஆசிரியர் குழு
அணுபுரம்